பழைய ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு

"ஃபாக்ஸ்ப்ரோ தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்காங்களா?" சேலத்தில் சின்ன ஆபீஸ்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால், மார்ச் நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையிலிருந்து வரும், லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வரும், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவரிடமிருந்து வரும், ஏற்காட்டு எஸ்டேட் ரைட்டரிடமிருந்தும் வரும். ஃபாக்ஸ்ப்ரோ என்பது அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடைகளுக்குக் கணக்குப் புரோகிராம் எழுதப் பயன்பட்ட டேட்டாபேஸ் மென்பொருள். எல்லோரும் கேட்பது அது தெரிந்த ஒருவரின் போன் நம்பர்தான். நம்பரைக் கொடுத்துவிட்டு நகர எனக்கு மனசு வருவதில்லை. எந்த ஆளை எதற்காகக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமல் கூப்பிட்டு, இருபத்தைந்து வருடக் கணக்கைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் இந்த ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் இல்லாத தெரு குறைவு. டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ, அப்புறம் விஷுவல் பேசிக், ஆக்சஸ் என்று படித்து வெளியே வந்த பையன்கள், தெரிந்தவர் கடையில் உட்கார்ந்து, முதலாளி சொல்லச் சொல்ல, அவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே புரோகிராம் எழுதினார்கள். அதை ஏளனமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் மாதக்கணக்கில் கூட்டம் போட்டும் கண்டுபிடிக்க முடியாத விஷயத்தை, அந்தப் பையன்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்: இந்தத் தொழிலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை.

வெள்ளிக் கடையை எடுத்துக்கொள்வோம். கொலுசுத் தொழிலில் ஒவ்வொரு ஆள் பேரிலும் இரண்டு கணக்கு ஓடும், ஒன்று ரூபாயில், இன்னொன்று கிராமில். பட்டறைக்காரருக்குக் கட்டி வெள்ளி கொடுக்கிறோம், அவர் கொலுசாக்கித் திருப்பிக் கொடுக்கிறார். பத்து கிலோ கொலுசு 70 டச்சில், அதாவது நூற்றுக்கு எழுபது பங்கு சுத்தத்தில், வந்தால் அதில் சுத்த வெள்ளி ஏழு கிலோ. அந்த ஏழு கிலோவையும் பேசிய சேதாரத்தையும் கொடுத்த வெள்ளியில் கழித்தால் மீதி அவர் பேரில் வெள்ளிப் பாக்கி. கூலியைச் சிலர் பணமாக வாங்குவார்கள், சிலர் வெள்ளியாகவே பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், சிலர் பாதிப் பாதி. ஒரு டிசைனுக்கு ஒரு டச், ஒரு பட்டறைக்கு ஒரு சேதாரம். பழைய பாக்கியை என்ன விலைக்கு அடைப்பது என்பது வெள்ளி விலை ஏறி இறங்குவதைப் பொறுத்து இருவரும் பேசி முடிப்பது. கடையில் விற்கிற ரெடிமேட் கணக்கு சாஃப்ட்வேரில் இதை நுழைக்கப் பார்த்தால் ஒன்று கிராம் கணக்கு உடையும், இல்லாவிட்டால் ரூபாய் கணக்கு உடையும். ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய அந்த நீலத் திரையோ இதையெல்லாம் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது. "இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

புரோகிராம் கெட்டுப்போவதில்லை. அதைச் சுற்றி இருப்பதெல்லாம் மாறிவிடுகிறது. ஃபாக்ஸ்ப்ரோவை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9, 2004-இன் கடைசியில் வந்தது. அடுத்த பதிப்பு இனி இல்லை என்று 2007-இல் சொன்னார்கள், 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் முடிந்தது. விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-இல், அதில் புரோகிராம் எழுதும் கருவிக்கான ஆதரவு 2008-லேயே முடிந்துவிட்டது. அதாவது உங்கள் ஆபீஸில் ஓடும் புரோகிராமுக்கு உலகத்தில் எந்தக் கம்பெனியும் இன்று பொறுப்பு இல்லை. பொறுப்பு முழுக்க அதை எழுதிய ஆளிடம் இருந்தது. அந்த ஆள் இப்போது திருப்பூரிலோ சென்னையிலோ வேறு வேலையில் இருக்கிறார், சிலர் காலமாகிவிட்டார்கள்.

ஆள் தேடும் முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவா, கிளிப்பரா, விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவா, விபி 6-ஆ, ஆக்சஸா? எல்லாவற்றையும் "ஃபாக்ஸ்ப்ரோ" என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. ஃபாக்ஸ்ப்ரோ 2.6-உம் கிளிப்பரும் 16 பிட் காலத்தவை. இன்றைய 64 பிட் விண்டோஸில் அவை திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10 போட்டு ஒப்பேற்றியவர்களுக்கு அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதே சமயம் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவும் விபி 6-உம் 32 பிட். விண்டோஸ் 11-லும் அவை பெரும்பாலும் ஓடும். உங்களிடம் இருப்பது விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவாக இருந்தும், "புது சிஸ்டத்துல இது ஓடவே ஓடாதுங்க" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

டாஸ் புரோகிராம்களுக்கும் வழி இருக்கிறது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ் போன்றவை புது விண்டோஸுக்குள் ஒரு பழைய டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைப்பது இன்னொரு வழி, அந்த எக்ஸ்பியை இன்டர்நெட்டோடு மட்டும் சேர்க்கக் கூடாது. ஒரே ஒரு மேஜையில் ஓடுவதற்கு டாஸ்பாக்ஸ் போதும். இரண்டு மூன்று மேஜையில் ஒரே நேரத்தில் பில் போடும் இடமென்றால் அதை நம்ப வேண்டாம். அது முதலில் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, ஒருவர் எழுதும் பதிவை இன்னொருவர் தொடாதபடி பூட்டும் வேலையில் அது உறுதியானதல்ல. இன்னொரு வேடிக்கையான சிக்கலும் உண்டு. ஃபாக்ஸ்ப்ரோ 2.6 திறக்கும்போதே பூஜ்யத்தால் வகுத்தல் பிழை என்று நின்றுவிட்டால் டேட்டாவில் கோளாறு என்று பயப்படாதீர்கள். கணினி அளவுக்கு மீறி வேகமாக இருப்பதால் வரும் பிழை அது, சரிசெய்யும் திருத்தம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது.

நெட்வொர்க் சங்கதி இதைவிட மோசம், ஏனென்றால் அது சத்தமில்லாமல் கெடுக்கும். 2017-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-இல், எக்ஸ்பி பேசும் பழைய ஃபைல் ஷேரிங் முறை இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஒரு மேஜைக்குப் புதுக் கணினி வாங்கி வைத்ததும் "சர்வர் தெரியல" என்று வரும் புகாரில் பெரும்பங்கு இதுதான். அடுத்தது, விண்டோஸ் வேகத்துக்காக ஒரு ஃபைலின் பகுதியை அந்தந்தக் கணினியிலேயே வைத்துக்கொண்டு பிறகு எழுதும் பழக்கம். ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாவை வைத்திருக்கும் டிபிஎஃப் ஃபைலுக்கு அது ஒத்து வராது. இன்டெக்ஸ், அதாவது பதிவுகளைத் தேட உதவும் அட்டவணை, உடையும், நேற்று போட்ட பில் இன்று தேடினால் வராது, பெயர் வரிசை குழம்பும். "டேட்டா போச்சு" என்று அலறும் பல இடங்களில் டேட்டா அப்படியேதான் இருக்கிறது. இன்டெக்ஸை மட்டும் திரும்பக் கட்ட வேண்டும், அதற்குப் பெரும்பாலும் மெனுவிலேயே ஒரு ரீஇன்டெக்ஸ் பட்டன் இருக்கும்.

பிரின்டர் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பழைய புரோகிராம் நேரே எல்பிடி என்ற பழைய பிரின்டர் போர்ட்டுக்கு எழுதும், புது டாட் மேட்ரிக்ஸ் யுஎஸ்பியில் வரும். பிரின்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையில் எல்பிடி1 என்று அதைக் காட்டிவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. இதற்காகச் சாஃப்ட்வேரையே மாற்றச் சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தமிழில் பெயர் அடித்து வைத்திருக்கும் ஆபீஸ்களுக்குத்தான் தனிக் கஷ்டம். வெளியூர் வழிகாட்டிகளில் இது இருக்காது, அதனால் நான் சொல்லியாக வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முன்னால் நாம் தமிழை எழுத்தாகச் சேமிக்கவில்லை, வடிவமாகத்தான் சேமித்தோம். பாமினி மாதிரி ஃபான்ட்டில் அடித்த பெயர் ஃபைலுக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கிறது, மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே ஓர் அரைப்புள்ளி. ஃபான்ட் இருந்தால் அது தமிழ், இல்லாவிட்டால் குப்பை. "கொ" என்ற எழுத்தில் கொம்பு முதலில், க அடுத்து, கால் கடைசியில் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று துண்டாக இருக்கும். அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் கொம்பு வைத்த பெயரெல்லாம் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரம் கொண்டுவந்தது, 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொன்னது. ஆனால் நம் கடைகளில் ஓடுவது அந்தந்த டீலர் கொடுத்த ஃபான்ட், சில சமயம் அதே ஃபான்ட்டில் அவர் செய்த சொந்த மாற்றம். வருகிற ஆள் தமிழ்ப் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றத் தெரிந்தவரா என்று கேளுங்கள். மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஜெ, ஸ்ரீ, ஷா என்று வரும் பெயர்களிலும், ஒள என்பதும் ஔ என்பதும் கலந்த இடங்களிலும்தான் பிழை தலைகாட்டும். டேட்டாவை வேறு கோட் பேஜுக்கு (எழுத்துக் குறியீட்டு அட்டவணைக்கு) மாற்றி நகலெடுத்துவிட்டால் டாம் வகை எழுத்துகள் சிதைந்துவிடும், பிறகு எந்தக் கன்வெர்ட்டராலும் மீட்பது கடினம். அதனால் மூல ஃபைலின் ஒரு நகல் யார் கையும் படாமல் தனியாக இருக்க வேண்டும்.

ஏற்காட்டில் நான் கணக்குப் பார்க்கும் ஒரு காபி எஸ்டேட்டில் செக்ரோல், அதாவது வருகை, சம்பளப் பதிவு, முழுவதும் ஆக்சஸ் 97-இல் இருந்தது. யார் எந்தப் பத்தில் (தோட்டப் பகுதியில்) வேலை பார்த்தார், பழம் எடுப்பு எத்தனை கிலோ, முன்பணம் எவ்வளவு பிடித்தம் என்று எல்லாம். கோடை மழை இடியில் பழைய கணினி போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. புதுக் கணினி விற்ற கடையில் புது எம்எஸ் ஆஃபீஸைப் போட்டுவிட்டு, இந்த ஃபைல் கெட்டுவிட்டது, திறக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஃபைல் கெடவே இல்லை. ஆக்சஸ் 2013 முதல் 97 ஃபைலைத் திறக்காது, 2010-ஐயோ அதற்கு முந்தையதையோ வைத்து ஒருமுறை மாற்றினால் போதும். அதைச் செய்தது, சேலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி ஓய்ந்த ஒரு பெரியவர். மாற்றிய பிறகும் ஃபாரம் திறந்தால் தேதி, இடப்பக்க எழுத்து போன்ற சாதாரண ஃபங்ஷனில்கூடப் பிழை வந்தது. பழைய காலண்டர் கண்ட்ரோல் ஒன்றை ஆக்சஸ் 2010-லேயே எடுத்துவிட்டார்கள். புரோகிராம் நம்பியிருக்கும் அப்படி ஒரு துணைக் கருவி (ரெஃபரன்ஸ்) காணாமல் போனால் சம்பந்தமே இல்லாத இடத்தில் பிழை காட்டுவது அதன் குணம். பெரியவர் ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டு, தேதியைக் கையால் அடிக்கும்படி மாற்றினார், முடிந்தது. அந்த வாரச் சம்பளம் நாள் தவறாமல் போட்டோம். விஷயம் தெரிந்த ஒருவர் கையில் அது ஒரு மதிய வேலை. தெரியாதவர் கையில் அத்தனை தொழிலாளர்களின் பழைய வருகைப் பதிவும் குப்பைக்குப் போயிருக்கும்.

சரி, அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது?

முதலில் எழுதியவரையே தேடுங்கள். புரோகிராமின் முதல் திரையிலோ பழைய பில்லின் அடியிலோ பெயரும் நம்பரும் இருக்கும். சேலம் லேண்ட்லைன் ஆறு இலக்கமாக இருந்தால் முன்னால் 2 சேர்த்துப் பாருங்கள். அவர் தொழிலை விட்டிருந்தாலும், ஒரு மணி நேரம் போனில் பேசச் சம்மதித்தாலே பெரிய உதவி. "அண்ணா, நீங்க எழுதினதுதான் இன்னும் ஓடுது" என்று சொல்லிப் பாருங்கள், முகம் தெரியாத போனிலேயே குரல் மாறுவது கேட்கும்.

அவர் கிடைக்காவிட்டால் உங்கள் தொழிலிலேயே இருக்கும் அடுத்த கடைக்காரரைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், போட்டியாளர்தான் என்றாலும் கேளுங்கள். ஒரு கடைக்கு எழுதியதைக் கடைப் பெயரை மட்டும் மாற்றி அதே தெருவில் பலருக்கும் கொடுத்திருப்பார்கள். அவர்கள் வைத்திருக்கும் ஆளுக்கு உங்கள் புரோகிராம் அந்நியமாக இருக்காது. சேர்ந்து ஒரே ஆளுக்கு வருடச் சம்பளம் பேசிக்கொண்டால் அவருக்கும் கட்டும், உங்களுக்கும் கட்டும். ஆடிட்டர் ஆபீஸ் சீனியர் கிளார்க்குகள், ரிப்பனும் கம்ப்யூட்டர் பேப்பரும் விற்கும் கடைக்காரர்கள், பாலிடெக்னிக்கில் அந்தக் காலத்தில் டிபேஸ் பாடம் நடத்தியவர்கள் ஆகியோருக்கும் ஆள் தெரியும். நேரில் வர முடியாத வெளியூர்க்காரரென்றால் எனிடெஸ்க் போட்டு இன்டர்நெட் வழியாகத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். ஏற்காடு மாதிரி சிக்னல் வந்து போகும் இடத்துக்கு அது சரிப்படாது.

புதிதாகப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளையும் ஒதுக்காதீர்கள். டிபிஎஃப் ரொம்ப எளிமையான ஃபைல் வகை. லிப்ரே ஆஃபீஸ் திறக்கும், பைத்தானில் அதைப் படிக்கத் தனி லைப்ரரியே இருக்கிறது. ஆக்சஸ் ஃபைலைப் படிக்கவும் எம்டிபி டூல்ஸ் என்ற இலவசக் கருவி உண்டு. கிளிப்பர் புரோகிராமின் மூல நிரல் கையில் இருந்தால், ஹார்பர் என்ற இலவசக் கம்பைலரில் அதை இன்றைய விண்டோஸுக்கே கட்டிவிடலாம். பழைய மொழி தெரியவில்லை என்பது பெரிய குறையல்ல, கற்றுக்கொள்ளலாம். தொழிலைக் காது கொடுத்துக் கேட்கிற பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

யாராக இருந்தாலும் முதலில் மாற்றும் வேலையைக் கொடுக்காதீர்கள், படிக்கும் வேலையைக் கொடுங்கள். டேட்டாவின் நகலை மட்டும் கொடுத்து, ஐந்தாறு பார்ட்டிகளின் பாக்கியைக் குறிப்பிட்ட ஒரு தேதிக்கு அவராகவே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் பழைய புரோகிராம் காட்டும் பாக்கியோடு கிராமும் பைசாவும் ஒத்துப் போக வேண்டும். இது சின்னப் பரீட்சை மாதிரித் தெரியும், ஆனால் இதில்தான் எல்லாம் வெளியே வரும். டிபிஎஃப்பில் ஒரு பதிவை அழித்தால் அது உண்மையில் போவதில்லை, அழிக்கப்பட்டது என்ற ஓர் அடையாளம் மட்டும் விழும், பேக் என்ற கட்டளை கொடுத்துத் துப்புரவு செய்யும்வரை உள்ளேயே இருக்கும். கவனிக்காமல் எல்லாப் பதிவையும் கூட்டினால், என்றோ ரத்து செய்த பில்லெல்லாம் உயிர்பெற்று வந்து பாக்கியை ஏற்றிவிடும். அதுபோல டச் கணக்கில் ஒவ்வொரு வரியிலும் மில்லிகிராமை முழுதாக்கிப் பிறகு கூட்டுவதற்கும், கூட்டிவிட்டு முழுதாக்குவதற்கும் வித்தியாசம் வரும். பட்டறைக்காரர் தன் சிட்டையில் எழுதி வைத்திருப்பதோடு ஒத்து வராவிட்டால் அவர் புது சாஃப்ட்வேரைக் குறை சொல்ல மாட்டார், உங்கள் நாணயத்தைத்தான் சந்தேகப்படுவார். வித்தியாசம் வந்ததும் "அது பழைய சாஃப்ட்வேர் தப்புங்க" என்று சொல்கிற ஆள் வேண்டாம். "ஏன் வருதுன்னு பார்க்கிறேன்" என்று உட்கார்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுப்பதிலும் ஒரு வார்த்தை. டிபிஎஃப்பை மட்டும் எடுத்தால் போதாது. பக்கத்திலேயே எஃப்பிடி, சிடிஎக்ஸ் என்று அதே பெயரில் ஃபைல்கள் இருக்கும், குறிப்புகள் எஃப்பிடியில்தான் கிடக்கும். எல்லா மேஜையிலும் புரோகிராமை மூடிவிட்டு முழு ஃபோல்டரையும் எடுங்கள். மூல ஃபைலை எக்செலிலோ வேறெதிலோ திறந்து சேமிக்க வேண்டாம், பார்க்க வேண்டுமென்றால் நகலைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது சோர்ஸ் கோட், அதாவது மூல நிரல். காசு கொடுத்து எழுத வைத்தோம், அதனால் அது நம்முடையது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் எழுதினால் பொதுவாக அது முதலாளிக்கு. வெளியாள் எழுதிக் கொடுத்தால், எழுத்துப்பூர்வமாகக் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்காதவரை, உரிமை அவருடையது. அப்படி எழுதும்போதும் எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவில் நமக்குச் சாதகமும் இருக்கிறது: முறையாகப் பெற்ற புரோகிராமை, எதற்காக வாங்கினோமோ அதற்குப் பயன்படுத்தும் அளவில் நகலெடுக்கவும் மாற்றியமைக்கவும் அதை வைத்திருப்பவருக்கு இடமுண்டு. சோர்ஸே கிடைக்கவில்லை என்றால், ஃபாக்ஸ்ப்ரோவின் எக்ஸ்இ ஃபைலிலிருந்து ரீஃபாக்ஸ் மாதிரி கருவிகளால் நிரலைப் பெரும்பாலும் மீட்டெடுக்க முடியும். விபி 6-இலும், எம்டிஇ ஆக்கிப் பூட்டிய ஆக்சஸிலும் அந்த நம்பிக்கை வேண்டாம். இனிமேல் யாரிடம் வேலை கொடுத்தாலும் சோர்ஸ், பாஸ்வேர்டு, ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பு மூன்றையும் வாங்கிய பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.

பணம் என்றதும் சொல்லியாக வேண்டியது ஒன்று. இந்தப் பழைய ஆட்களை நம் ஊர் நடத்தும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வருடம் முழுக்க நினைப்பதில்லை, ஆயுத பூஜைக்குப் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்ததோடு சரி, மார்ச் முப்பதாம் தேதி ராத்திரி போன் போட்டு "ஒரு அஞ்சு நிமிஷ வேலைதானுங்க" என்போம். ஐந்து நிமிடத்தில் முடிவது அவர் முப்பது வருடமாகக் கற்றதால். எதுவும் உடையாத வருடத்திலும் அவருக்கு ஒரு தொகை போக வேண்டும். அந்த வருடம் அவர் வந்து நகல்களைத் திறந்து பார்த்து, இரண்டாவதாக ஓர் இளம் ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். லாரிக்குத் தவறாமல் எஃப்சி பார்க்கச் செலவழிக்கிறோம், லாரி நின்றா போய்விட்டது?

கடைசியில் எல்லோரும் கேட்பது, மாற்றிவிடலாமா வேண்டாமா என்பது. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்டில் கட்டாயமானது. இந்த வேலைகளை ஃபாக்ஸ்ப்ரோவின் தலையில் கட்டப் பார்க்காதீர்கள், அதற்கு அந்தத் தெம்பு இல்லை. பில்லும் வரியும் டேலி மாதிரி இன்றைய சாஃப்ட்வேரில் இருக்கட்டும். கிராம் கணக்கும் பட்டறைக் கணக்கும் பழையதிலேயே இருக்கட்டும். பழையதிலிருந்து அன்றாட விற்பனையை எக்ஸ்எம்எல்லாக எடுத்து டேலியில் ஏற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் போதும், செவ்வாய்ப்பேட்டையில் நான் பார்க்கும் கடையில் அப்படித்தான் ஓடுகிறது. மெதுவாக, டேட்டாவை மட்டும் போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரு நல்ல டேட்டாபேஸுக்கு மாற்றி, திரைகளை ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதலாம். அப்போதும் பழையதும் புதியதும் ஒரு மார்ச் முடிவையாவது சேர்ந்தே தாண்ட வேண்டும். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்கிறேன் என்று வருகிறவரிடம் நான் யாரையும் அனுப்புவதில்லை.

இதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். ஆனால் ஒன்றைத் தள்ளிப்போட முடியாது. 2000-ஆம் வருடம் வந்தபோது, வருடத்தை இரண்டே இலக்கமாக வாங்கும் புரோகிராம்களில் நம் ஆட்கள் ஒரு வரி சேர்த்துச் சமாளித்தார்கள்: அடித்த எண் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் 2000, மேலே இருந்தால் 1900. பலரும் அந்த எல்லையாக வைத்தது 30. விண்டோஸின் பழைய வழக்கமும் அதுதான், 29 வரை 2000-கள், 30 முதல் 1900-கள். டேட்டாவின் நகலில் 31-03-30 என்று ஒரு தேதியை அடித்து, வருடம் நான்கு இலக்கமாக வரும் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 1930 என்று வந்தால் ஆளைக் கூப்பிட்டு அந்த வரி எந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். வெள்ளிக் கடைக்கு அதற்கு இன்னும் அவகாசம் உண்டு. ஐந்து வருடத் தவணையில் லாரிக்குக் கடன் எழுதும் ஃபைனான்ஸ் ஆபீஸ்காரர்கள் கடைசித் தவணைத் தேதியை இப்போதே அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் இந்த வாரமே பார்க்க வேண்டும்.